சாக்ஸோடு தூங்கியவன்

விடியற்காலையில் எழுந்திருப்பது ஒரு வியாதி என்றுதான் நாற்பத்தாறு வயது வரை நான் நினைத்திருந்தேன். அந்த வியாதி என் மனைவிக்கு உண்டு. நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்து, ரேடியோவைப் போட்டுவிட்டுப் பாத்திரங்களோடு சண்டை பிடிப்பாள். எனக்கோ ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மூளை திறக்கும். ஒன்றரை, இரண்டுக்கு முன்னால் படுத்ததாக ஞாபகம் இல்லை. ஆம்பூரில் நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கினால் ஓவர்டைம் போடுவார்கள். மற்றவர்கள் கொட்டாவி விடுகிற நேரத்தில் எனக்குக் கண் கூர்மையாகும். தரம் பார்க்கிற வேலை. ஷூவின் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும். மடிப்பு, பிசிறு, நூல் முடிச்சு எல்லாவற்றையும் விரலே சொல்லிவிடும். என் கை தப்பாது என்று கம்பெனியில் ஒரு பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

போன வருஷம் ஆவணியில் காலில் எரிச்சல் ஆரம்பித்தது. படுத்தால் உள்ளங்கால் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி எரியும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா சுகர்?"

"இப்ப நீங்க சொல்லித்தான் சார் தெரியுது."

"வீட்ல யாருக்காவது?"

"அப்பாவுக்கு."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அப்பா தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். இடது குதிகாலில் ஒரு கொப்புளம், ஒன்றரை மாதத்தில் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. வேலூரில் ஆபரேஷன் முடிந்ததும் அந்தக் காலைத் துணியில் சுற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் வாழைக்காயா என்று கேட்டார். பாலாற்று மணலில் ஆழமாகக் குழி எடுத்துப் புதைத்தேன். அப்பா அதற்கப்புறம் பத்து மாதம் இருந்தார், கடைசி வரை இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டு. எனக்குச் சாவைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. போகும்போது இரண்டு காலோடு போக வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போகிறார் என்பது புரிந்துவிட்டது. அந்தக் கணக்கில் நானாகவே "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டு போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் ஒரே பதில்தான். என் தொழில் பாஸ் போடுவது. ஃபெயில் என்று என் காலுக்கே சீட்டு எழுத மனசு வரவில்லை.

"பரவால்ல, உணர்ச்சி இருக்கு," என்றார். "காலையில நடங்க. நல்ல ஷூ போட்டு நடங்க. தினம் காலைப் பாருங்க, அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வச்சுப் பாருங்க."

"சாயங்காலம் நடக்கட்டுமா சார்?"

"சாயங்காலம் நடக்குறேன்னு சொன்ன ஒருத்தரும் என்கிட்ட திரும்பி வந்து நடந்தேன்னு சொன்னதில்ல."

நல்ல ஷூ என்னிடம் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு முழுவதையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் வைத்து டேப் ஒட்டி, தரம் பார்க்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சின்ன முனை காணாமல் போனாலும் அந்த டேபிளில் இருக்கிற அத்தனை ஜோடியும் நிறுத்திவைக்கப்படும். துண்டு ஏதாவது ஷூவுக்குள் போய், வாங்குகிறவன் காலில் குத்தினால் ஆர்டரே போய்விடும் என்பதால் வெளிநாட்டிலிருந்து வாங்குகிற பையர்கள் வைத்த சட்டம்.

ஆடி மாதம் ஒரு அவசர ஷிப்மென்ட். விடியற்காலையில் நடக்கிறவர்களுக்கென்றே செய்த லெதர் ஷூ. பள்ளிகொண்டாவிலிருந்து வருகிற ஒரு அம்மா தைத்துக்கொண்டிருந்தபோது பதினெட்டாம் நம்பர் ஊசி உடைந்தது. காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவினோம். முனை மட்டும் கிடைக்கவில்லை.

"சார், கம்பெனி பஸ் போய்டும் சார்," என்றாள் அந்த அம்மா. அழுகிற மாதிரி இருந்தாள். பின்னால் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பழைய உடைசல் ஊசிகள் போடுகிற டப்பா என் மேஜையில் இருந்தது. அதிலிருந்து ஒரு முனையை எடுத்து ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். லைன் ஓடியது.

நாலு நாள் கழித்து அதே லாட்டில் ஒரு ஜோடி மெட்டல் டிடெக்டரில் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. வலது ஷூ. விரலை விட்டுச் சுற்றினேன். ஒன்றுமில்லை. லேஸ் கோக்கிற வளையத்தில் ஏதோ இரும்புக் கலப்பு இருக்கும் என்று சொல்லி ஒதுக்கினேன். ஒதுக்கின ஜோடியை வெட்டிப் போட வேண்டும். ஆனால் எட்டாம் நம்பர், என் சைஸ். லாக்கரில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கம்பெனியில் வேலை செய்கிற யாரும் கடைக்குப் போய் ஷூ வாங்குவதில்லை. வாங்கினால் சிரிப்பார்கள்.

புரட்டாசி முதல் தேதி நடக்க ஆரம்பித்தேன். நடந்தேன் என்பதைவிட என்னை நானே இழுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் சரி. அலாரம் அடித்தால் கையே தானாகப் போய் அணைத்துவிடும். முதல் வாரத்தில் மூன்று நாள்தான் தேறியது. எழுந்து உட்கார்ந்து சாக்ஸைத் தேடுகிற நேரத்தில்தான் தூக்கம் மறுபடி வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தேன். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். படுக்கும்போதே சாக்ஸை மாட்டிக்கொண்டு படுத்தேன். ஷூவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் லேஸ் தளர்த்தி வைத்தேன். அலாரம் அடித்ததும் காலை உள்ளே விட வேண்டியதுதான்.

"இன்னாங்க இது, ஊருக்குப் போறவர் மாதிரி சாக்ஸ் போட்டுக்குனு படுக்குறீங்க?" என்றாள் மனைவி.

"நீ பேஜார் பண்ணாத. நடக்கணுமா வேணாமா?"

கறுப்பு சாக்ஸ். கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னது ஞாபகம் வரும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். நடந்து வந்ததும் அப்படியே விழுந்து ஒரு மணி நேரம் தூங்குவேன். பிறகு கம்பெனிக்கு நேரமாகிவிடும், தலையில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடுவேன். ஒரு நாளைக்கு ஆயிரம் ஷூவுக்குள் எட்டிப் பார்த்தவன் நான். என் காலை எட்டிப் பார்க்கவில்லை.

ஆற்றோரப் பாதையில் பாங்கு சொல்கிற நேரத்துக்குக் கிளம்புவேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர் வேறு ஊர். பகலில் மூக்கு மறந்துவிட்ட தோல் வாடை அப்போது தரையிலிருந்து எழுந்து வரும். ஆற்றில் தண்ணீர் கிடையாது; மணலும் கருவேலமும், நடுவில் ஒரு கறுப்பு ஓடை. அப்பாவின் காலைப் புதைத்த இடம் எது என்று இப்போது சொல்ல முடியாது, மணலை அள்ளி அள்ளி ஆற்றின் முகமே மாறிவிட்டது. இருந்தாலும் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் வந்தால் வேகமாக நடப்பேன்.

தோலிலிருந்து சீவிய கொழுப்புச் சதையைக் கொட்டுகிற இடத்தில் ஏழெட்டு நாய்கள் இருந்தன. சதை தின்றே வளர்ந்த நாய்கள், கன்றுக்குட்டி உயரம். முதல் நாட்களில் என்னைக் கண்டால் உயிர் போகிற மாதிரி குரைக்கும். கையில் குச்சியோடு போவேன்.

கார்த்திகையில் கால் எரிச்சல் நின்றது. ஒரு நாள் படுத்த பிறகுதான் கவனித்தேன், எரியவில்லை. மறுநாளும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மனைவியைக் கூப்பிட்டு, "பாத்தியா, நடையோட மகிமை," என்றேன். கம்பெனியில் என்னைப்போல ராக்கோழிகள் நாலு பேருக்கு உபதேசம்கூடச் செய்தேன். எழுந்திருப்பது பழகிவிட்டது. அலாரத்துக்கு முன்னாலேயே கண் திறக்கும். பிள்ளைகுட்டிகளைத் தூங்கவைத்துவிட்டுத் திருட்டுத்தனமாக நான் மட்டும் பார்க்கிற உலகம் என்று ராத்திரியைத்தான் நினைத்திருந்தேன். விடியலும் அப்படித்தான் இருந்தது. உண்மையிலேயே நான் மாறிவிட்டேன் என்று நம்பினேன்.

மார்கழியில் நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

குரைக்காதது மட்டுமில்லை, கூடவே வந்தன. இரண்டு முன்னால், மூன்று பின்னால். பழகிவிட்டன என்று நினைத்தேன். ஒரு செவலை நாய் மட்டும் எப்போதும் என் வலது பக்கமாகவே வந்தது. நான் நின்றால் மூக்கைத் தாழ்த்தி என் வலது ஷூவை முகர்ந்துகொண்டு நிற்கும். குச்சியை ஓங்கினாலும் ஓடாது, ஓரடி நகரும், மறுபடி வரும். வாலை ஆட்டியது. அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். சாக்ஸ் கொஞ்சம் ஈரமாக இருக்கிறதோ என்று தோன்றும், பனி என்று விட்டுவிட்டேன். ஐந்து நாள் இப்படி.

ஆறாம் நாள் நடந்துவிட்டு வந்து படுத்திருந்தேன். மனைவி காப்பியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா வாடை இது?"

"தோல் ஷாப் வாடைதான். காத்து இந்தப் பக்கம்."

"இந்த ஊர்ல பொறந்தவ நான். எனக்குத் தெரியாதா அந்த வாடை?" டம்ளரைக் கீழே வைத்தாள். குனிந்து வலது சாக்ஸை உருவினாள். அது சுலபமாக வரவில்லை. அவள் முகத்தைத்தான் நான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. மாமியாரோடு சேர்ந்து பத்து மாதம் அப்பாவின் கட்டுகளை அவிழ்த்துக் கட்டியவள் அவள். அந்த முகத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். வலி மட்டும் துளிகூட இல்லை.

வேலூரில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். அழுகல் மேலே ஏறாமல் நிறுத்த முடியுமா என்பது பதினோரு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. தினமும் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார், நான் அவர் புருவத்தைப் பார்ப்பேன். நின்றது. இப்போதெல்லாம் எடுத்ததைக் கையில் கொடுப்பதில்லை, மஞ்சள் பையில் போட்டு அவர்களே கொண்டுபோய்விடுகிறார்கள். அந்த மட்டில் என் மகனுக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற வேலை இல்லை.

மருந்துக் குப்பி ஒன்றை டாக்டர் என்னிடம் நீட்டினார். "புண்ணுக்குள்ள இருந்துச்சு. எரிச்சல் நின்னது குணமாகி இல்ல, நரம்பு செத்துப்போனதால. அதான் இது குத்தினது உங்களுக்குத் தெரியல. இது இன்னா கம்பி, தெரியுதா?"

குப்பிக்குள் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் உடைசல், ஒரு பக்கம் கூர்.

"பதினெட்டாம் நம்பர் ஊசி சார்," என்றேன். "முனை."

ஷூவுக்குள் லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவில் படுத்திருந்திருக்கிறது. என் விரலுக்கு எட்டாத இடம். மூன்று மாதம் நான் நடந்து நடந்து, அடிக்கு அடி அதை வெளியே தள்ளியிருக்கிறேன்.

மாசியில் வேலைக்குத் திரும்பினேன். உட்கார்ந்து பார்க்கிற வேலையாக மாற்றிக் கொடுத்தார்கள். முதல் நாளே ஊசி ரிஜிஸ்டரை எடுத்தேன். சட்டைப் பையில் அந்தக் குப்பி இருந்தது. அந்த முனையை அதற்குரிய இடத்தில் ஒட்டிவிட வேண்டும் என்று, எதற்கென்று தெரியாமலே, ஒரு வெறி. ஆடி மாதப் பக்கம் வந்தது. என் கையெழுத்து. ஆனால் கட்டத்தில் இடமில்லை. டப்பாவிலிருந்து எடுத்து ஒட்டின பொய் முனை டேப்புக்கு அடியில் பளபளவென்று இருந்தது.

மூடி வைத்திருக்கலாம். முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு முந்தினது. இந்த வேலைக்கு வந்து பதினாலு வருஷம். அந்த அம்மாவுக்காக அன்றைக்கு ஒரு தடவைதான் செய்தேன் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் டேப் எனக்குத் தெரியாதா? உண்மையான முனையை அவசரமாக, கோணலாக ஒட்டியிருப்பேன். பொய் முனையைத்தான் நேராக, அழகாக ஒட்டியிருப்பேன். ஒன்பது வரை எண்ணினேன். அலமாரியில் இன்னும் மூன்று பழைய ரிஜிஸ்டர்கள் இருந்தன. அவற்றை எடுக்கவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். குப்பியைக் காட்டினேன்.

"டிடெக்டர் போட்டுத்தானே அனுப்புறோம்? எப்பவோ கப்பல்ல போனது. பழசைக் கிளறாதீங்க. உடம்பைப் பாருங்க," என்றார்.

அன்றைக்கு விளக்கு எரிந்தும் வளையத்தின் மேல் பழி போட்டு ஒதுக்கினவன் நான்தான். அந்த ஜோடி என் சைஸாக இருந்ததால் நின்றது. மற்ற லாட்டுகளில் எரிந்த விளக்குக்கு நான் என்னென்ன காரணம் சொல்லிப் பாஸ் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இப்போது நாலரைக்கு விழித்துக்கொள்கிறேன், அலாரம் இல்லாமலே. நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து, மனைவி வாசல் தெளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியில் என் அடிப்பாதத்தைப் பார்க்கிறேன். அதே நேரத்தில் ஏதோ ஒரு நாட்டில், டாக்டர் சொன்னார் என்று தூக்கத்தை உதறிவிட்டு எழுந்த ஒருவர், கால் எரிச்சல் நின்றுவிட்ட சந்தோஷத்தில், எங்கள் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்.