தண்ணீருக்குப் பயந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஐந்தே நிமிஷத்தில் அது என் கழுத்தைப் பிடித்துவிட்டது!

நண்பன் ரவிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். களுவாஞ்சிகுடியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை அவனுக்கு. தகப்பன் இல்லை. தாய்க்கு முழங்கால் வருத்தம். அதனால் பெரிய மனிதன் என்று என்னைக் கூட அனுப்பினார்கள். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

பெண் வீடு மண்டூரில், வாவிக்கு அந்தப் பக்கம். குருமண்வெளியில் 'பாதை' ஏறினால் கொஞ்ச நேரப் பயணம் (ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). ரவி மாட்டேன் என்றுவிட்டான். சுனாமிக்குப் பிறகு தண்ணீர் என்றாலே அவனுக்கு நடுக்கம். ஆகவே என் மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, வெல்லாவெளி வழியாக ஒரு பெரிய சுற்று.

சண்டை முடிந்த புதிது. சோதனைச்சாவடியில் இறங்கி நிற்கும் வேலை இல்லை. காற்று முகத்தில் அடிக்கிறது, எனக்குப் பாட்டு வருகிறது... பின்னால் இருந்தவனோ பாலம் முடியும்வரை என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "முடிஞ்சிட்டா மச்சான்? முடிஞ்சிட்டா?" என்கிறான்.

பெண்ணின் தகப்பன் நிறைய வயல் வைத்திருக்கும் போடியார். பெண் மேகலா, பள்ளிக்கூட டீச்சர். தேத்தண்ணியும் பணியாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்து, ஓரமாக உட்கார்ந்தாள்.

"ஏன் தம்பி சுத்தி வந்தீங்க? பாதையால வந்திரிக்கலாமே?" என்றார் போடியார்.

ரவி வாயைத் திறக்கும் முன் நான் குதித்தேன். "ஊர் பாக்கத்தான் அப்பிடி வந்த! மற்றப்படி இவருக்குத் தண்ணியும் தரையும் ஒண்டு. சுனாமியில மூணு பேர நீந்திக் காப்பாத்தின ஆள்!"

ஏன் சொன்னேன்? சத்தியமாக இன்றுவரை தெரியாது. ஒரு உற்சாகம்!

போடியார் பூரித்துப்போனார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார், தெரியும்தானே? "அப்ப பிரச்சின இல்ல. தினமும் நம்மட தோணியிலயே வேலைக்குப் போகலாம். எழும்புங்க தம்பி, இப்பவே வாவியில ஒரு சுத்து போயிற்று வருவம்!"

சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேவிட்டார் மனிதர். நான் ரவியைப் பார்த்தேன். அவன் முகத்தில் இரத்தம் இல்லை. 'வயிற்றுவலி என்று சொல்' என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவன் சொல்லவில்லை. எழும்பி நின்றான்.

"ஐயா, எனக்குத் தண்ணி பயம். சுனாமியில நான் ஒருத்தரையும் காப்பாத்தல்ல. ஒரு மரத்தக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு அழுத. மீன் விக்கிற ஒரு அக்காதான் சீலையை எறிஞ்சி என்ன இழுத்தெடுத்த. இப்பவும் வாளித் தண்ணியிலதான் குளிக்கிறன். தோணியில ஏற எனக்கு ஏலா. இதையெல்லாம் மறைச்சிக் கலியாணம் முடிக்கவும் ஏலா."

போடியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் குதித்து மறைய இடம் தேடினேன்.

மேகலா எழும்பி உள்ளே போய்விட்டாள். சரி, முடிந்தது கதை என்று நான் செருப்பைத் தேடத் தொடங்கினேன். ஆனால் அவள் திரும்பி வந்தாள், மூக்கில் தடித்த கண்ணாடியோடு! நேராக ரவியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓ... நீங்கதானா மாப்பிள?"

"என்ன புள்ள?" என்றார் தகப்பன் திகைத்து.

"கண்ணாடியோட பாத்தா வேணாமெண்டிருவாங்க எண்டு பெரியம்மா கழட்டி வெச்சிட்டா, அப்பா. ரெண்டு பேர்ல ஆர் மாப்பிள எண்டே எனக்குத் தெரியல்ல. இவர் உள்ளதச் சொன்னாரு. நானும் சொல்லிப்போட்டன்."

முதலில் சிரித்தது ரவிதான். பிறகு போடியார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு! சிரிப்புக்கு நடுவே, "நானும் சொல்லிப்போடுறன் தம்பி, மேகலா சுட்டதெண்டு குடுத்த பணியாரம் கடையில வாங்கின!" என்றார். அந்த வீடு முழுக்க ஒரே ஆரவாரம்.

"பாலத்தால வேலைக்குப் போகலாம்தானே?" என்று கேட்டாள் மேகலா.

"போகலாம். ஆனா பாலத்துக்கும் கண்ண மூடுவன்."

"அப்ப நீங்க பின்னால இரிங்க. மோட்டார் சைக்கிள நான் ஓட்டுறன்."

ஆவணியில் கலியாணம்!

யோசித்துப் பார்க்கிறேன். கடல் வந்தது, தப்பினோம். ஷெல் வந்தது, தப்பினோம். இவ்வளவுக்கும் தப்பிய நாம், உள்ளதைச் சொல்ல ஏன் இப்படி நடுங்குகிறோம்? நான் புனைந்த மாவீரனை மேகலாவுக்கு அடையாளமே தெரியவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதவனைப் பார்க்கத்தான் அவள் கண்ணாடி எடுத்துவரப் போனாள்.

சாத்திரிமார் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பதினோராவதாகப் பயப் பொருத்தத்தையும் சேர்த்துவிடுங்கள், ஐயாமாரே!