முகத்தைத் திருப்பாமல் ஒரு மூச்சு

ஓசூரில் பேரிங் வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குக் கடைசி மேசை. மெருகேற்றி வரும் வளையத்தை லென்ஸுக்கு அடியில் வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் அந்தப் பளபளப்பில் ஈரம் படியும், நாலு நாளில் துருப்பிடிக்கும். அதனால் குனியும்போதே மூச்சை அடக்கிக்கொள்வோம். பார்த்து முடித்ததும் முகத்தை இடப்பக்கம் திருப்பி ஊதிவிட்டு அடுத்ததை எடுப்போம். பதினொரு வருடமாக இதே வேலை. வீட்டில் குக்கரைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதுகூட என் முகம் தானாக இடப்பக்கம் திரும்பும். "சோறு துருப்பிடிச்சிருமோ?" என்று கணவர் கேலி செய்வார்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பா இறந்தது போன வருடம் சித்திரையில், காலை ஏழு மணிக்கு. அப்போது நான் மேசையில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். கணவர் வேறொரு கம்பெனி, அவருக்கும் அதே ஷிஃப்ட், அதே மாதிரி லாக்கர். இரண்டேகாலுக்கு வெளியே வந்து போனைத் திறந்தால் தம்பியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"நான் வர்றவரைக்கும் அப்பாவ எடுத்துராதீங்கடா. நான் வாய்க்கரிசி போடணும்" என்றேன்.

"சரிக்கா" என்றான்.

பஸ் நாமக்கல்லைத் தாண்டும்போது எடுத்துவிட்டார்கள். அவன் சொல்லவில்லை, சித்தி சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சாவுக்கு வரும் பெண்ணை, வீட்டுப் பெண்கள் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தலையோடு தலை முட்டி அழுவார்கள். அழுகை வராதவளுக்கும் அந்த வட்டத்துக்குள் போனால் வந்துவிடும். அன்றைக்கு எல்லோரும் குளித்து, தலை துவட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக இன்னொரு முறை எழுந்து அழ யாருக்கும் தெம்பு இல்லை. நானும் அழவில்லை. காரியத்துக்கு விருந்தாளி மாதிரிப் போய்விட்டு வந்தேன். தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. பாதி மூச்சு உள்ளே போகும், மீதி தொண்டையிலேயே நின்றுவிடும். இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "டென்ஷன்மா, அதிகம் யோசிக்காதீங்க" என்றார் டாக்டர். யோசிக்காமல் இருக்க மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரி உத்தனப்பள்ளியிலிருந்து வருகிறவள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். ஒருநாள் கேன்டீனில் சொன்னாள்.

"அக்கா, மூச்சு விடறதுக்கு ஒரு கிளாஸ் இருக்குது. ஞாயித்துக்கிழமை நான் போறேன். நீயும் வா."

"மூச்சு விடவும் கிளாஸா? அடுத்து கண் சிமிட்டவும் வெச்சிடுவாங்க."

"நீ விடற லட்சணத்துக்கு ரெண்டு கிளாஸ் வேணும்" என்றாள். போனேன்.

டயர் கடைக்கு மேலே ஒரு அறை, பத்துப் பாய்கள். சொல்லிக்கொடுத்த அம்மா ஆனேக்கல்காரர், கன்னடம் கலந்த தமிழ், முன்பு நர்ஸ். முதலில் பிரஷர், இதயக் கோளாறு, வலிப்பு எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் படுக்கச் சொன்னார். அதனாலேயே அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் நிற்கக் கூடாது. உள்ளே போய் முடிந்த இடத்திலேயே வெளியே வரத் தொடங்க வேண்டும். தள்ளக் கூடாது, தானாக விழ வேண்டும்.

கேட்க எளிது. நான் இழுத்ததும் நிறுத்தினேன். பிறகு முகத்தை இடப்பக்கம் திருப்பி ஊதினேன். பக்கத்துப் பாயில் அவளும் அதையே செய்துகொண்டிருந்தாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் யாக்கெ, ஏன் சுவத்தப் பாத்து விடறீங்க? மேல யார் இருக்காங்க, அவங்க மேல படக்கூடாதுன்னு?"

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க துருப்பிடிக்கிறது எதுவும் இல்லம்மா. நேரா விடு" என்றார்.

நேராக விட்டேன். மறுபடியும் இழுத்தேன், நிறுத்தாமல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது, விரல்கள் உள்ளே மடங்கின. பயந்தேன். "மெதுவா பண்ணு, பயப்படாதே, வந்த மாதிரியே போகும்" என்றார். அப்போது எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. தம்பி சொன்ன "சரிக்கா"தான் வந்தது. அப்படி ஒரு கோபம். பாயைக் கையால் அறைந்தேன். அதற்குப் பின்னால்தான் அழுகை வந்தது, ஒரு வருடத்து அழுகை. உத்தனப்பள்ளிக்காரி பயந்துபோய் எழுந்து வந்து என்னைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் தலை என் தலையில் முட்டியது. எங்கள் ஊர் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? பாவம், என்ன செய்வதென்று தெரியாமல்தான் அப்படிப் பிடித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த மூச்சு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இறுக்கம் இன்னமும் சில நாள் வருகிறது. ஆனால் அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா சரின்னு சொன்ன?" வேறெதுவும் கேட்கவில்லை.

"ஐஸ் பெட்டி கிடைக்கலக்கா. வெயிலு வேற. எல்லாரும் எடு, எடுன்னு நிக்காங்க. உங்கிட்ட சரின்னு சொல்லும்போதே எனக்குத் தெரியும்க்கா, முடியாதுன்னு. இல்லேன்னு சொல்ல வாய் வரல."

பிறகு சத்தமே இல்லை. போன் வைத்துவிட்டான் என்றுதான் வேறு யாரும் நினைத்திருப்பார்கள். பதினொரு வருடம் மூச்சை அடக்கியவளுக்கு அந்தச் சத்தமின்மை தெரியாதா? அடக்கி வைத்திருந்தான். பிறகு எங்கோ தூரத்தில், போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சு விடுவது லேசாகக் கேட்டது.

"போனத் தள்ளிப் பிடிக்காதடா. இங்கேயே விடு" என்றேன்.

என் காதிலேயே விட்டான். இருவரும் அழுதோம். ஓய்ந்தபிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான், "உம் பங்கு அரிசியையும் நாந்தான்க்கா போட்டேன். அக்கா போடுதாப்பான்னு அப்பா காதுல சொல்லிட்டுத்தான் போட்டேன்."