எலுமிச்சம்பழம் நசுங்காத கார்

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் நின்றதை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். சிதம்பரத்தில் அக்கா வீட்டு வாசலில், வண்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்தாகிவிட்டது. மாமா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். ஆட்டோமேடிக் வண்டி, காலை எடுத்தால் போதும், தானாக ஊர்ந்து பழத்தை நசுக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். எஞ்சின் உறுமியது, வண்டி லேசாக நடுங்கியது, ஆனால் நகரவில்லை. பழங்கள் அப்படியே இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சிதம்பரத்தில் கார் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பைக் விபத்தில் அவருடைய இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. ஆனால் வேகத்தின் மேல் இருந்த பைத்தியம் மட்டும் முழங்காலோடு போகவில்லை. ஒரு பழைய ஆட்டோமேடிக் காரை வாங்கி, எஞ்சினைப் பிரித்துக் கட்டி, கூடுதல் பலத்துக்கு டர்போ வைத்து, விமான ஓடுபாதையில் நடக்கும் ரேஸ்களுக்குக் கொண்டுபோவார். பாதி தூரத்துக்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் கொடி அசைந்ததும் கிளம்புவதில் கியர் வண்டிக்காரர்கள் முந்திவிடுவார்கள். "ஆட்டோமேடிக்ல வந்தா அப்படித்தான் பாஸ்" என்று ஒருவன் சிரித்ததை மாமா வீடு வரைக்கும் சுமந்து வந்தார்.

அதற்கு மருந்து டார்க் கன்வர்ட்டர் என்று கண்டுபிடித்தார். ஆட்டோமேடிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணெய் நிறைந்த ஒரு உருண்டைப் பாத்திரம் இருக்கும். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுழன்றால் மற்றது அந்தக் காற்றில் சுழலுமே, அதுபோல உள்ளே எண்ணெய் ஒரு பக்கத்தைச் சுழற்றி மறுபக்கத்தைத் தள்ளும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றால் அது உண்மையாகத் தள்ளத் தொடங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. எண் குறைவாக இருந்தால் வண்டி சாதுவாக ஊரும். அதிகமாக இருந்தால் எஞ்சின் முழு பலத்துக்கு வந்த பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாயும்; ஆனால் நெரிசலில் ஊர்ந்தால் உள்ளே எண்ணெய் வெறுமனே சுழன்று கொதிக்கும். இதையெல்லாம் நான் படித்துப் படித்து மனப்பாடமே செய்துவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை செய்கிற எனக்கு இது தேவையா என்றால் தேவையில்லை. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். பல வருடம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை, ரத்த அழுத்தம் வேறு. டாக்டர் இருந்தது கடலூரில். அவளை அழைத்துப் போக அந்த வீட்டில் இருந்த ஒரே வண்டி அதுதான்.

கோயம்புத்தூரில் கன்வர்ட்டரை வெட்டி, கேட்ட எண்ணுக்குத் திருத்திக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். மாமா அவரிடம் ஸ்பீக்கரில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் டாக்டர் மாதிரி வரிசையாகக் கேட்டார். குதிரைத்திறன் எவ்வளவு? மாமா சொன்னதில் பாதி ஆசை. டயர் என்ன அளவு? அது சரியாகச் சொன்னார். வண்டி எடை? பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் போட்ட எடையைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் போகும்போதெல்லாம் அக்கா காலை நீட்டிச் சாய்ந்துகொள்வது அந்தப் பின் சீட்டில்தான்.

"டெய்லி ஓட்டறதுங்களா, ரேஸுக்கு மட்டுங்களா?" என்றார் அவர். மாமா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ரேஸுக்கு மட்டும்" என்றார்.

"வெல்டு வெச்சுட்டா அப்பறம் மாத்த முடியாதுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். குறைந்த எண்ணே போதும், அக்காவை யோசியுங்கள், ரேஸ் அடுத்த வருடமும் வரும் என்று எவ்வளவோ சொன்னேன். மாமா கோபப்படவில்லை. மடங்காத காலைக் கையால் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இடது கால் இல்ல மச்சான். இந்த டப்பாதான் என் இடது கால். அதையும் நொண்டியா வாங்கச் சொல்றியா?"

அப்படி வந்த டப்பாவை மாட்டிய அன்றுதான் பூஜை. பழம் நசுங்காததும் மாமா ஆக்சிலேட்டரைத் தொட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி எதிர் வீட்டு கேட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அக்கா மட்டும் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு எலுமிச்சம்பழத்துக்கே இவ்ளோ யோசிக்குதே, எனக்கு வலி வந்தா என்னா பண்ணும்?" என்றாள். மாமா சிரித்தார். "ரேஸ் முடிஞ்சதும் பழசையே மாட்டிடறேன். உனக்குத் தேதி அதுக்கப்பறம்தான?" என்றார்.

தேதி யாரைக் கேட்டு வருகிறது? ரேஸுக்கு முன்பே, ஒரு மழைநாள் காலையில் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. விடுமுறை என்று நானும் அங்கே இருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றேன். "நம்ம வண்டி இருக்கும்போது அது எதுக்கு?" என்று மாமா அதற்குள் பின் சீட்டை மாட்டிக்கொண்டிருந்தார். காலியான சாலையில் வண்டி பறக்கத்தான் செய்தது. கடலூருக்கு முன்னால் குடிகாடு வந்ததும் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கோ ஒரு லாரி குறுக்கே சரிந்துகிடப்பதாகச் சொன்னார்கள். வரிசை நிற்கும், நகரும், நிற்கும். மாமா எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டரை என்னைப் பார்க்கச் சொன்னார். "செவப்பத் தொட்டா சொல்லு. அதுக்கு முன்னாடி வாயத் தொறக்காத." முள் ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது. பின்னால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம். எதைக் கவனிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கருகல் வாடை அவருக்கே வந்துவிட்டது. ஓரம் கட்டினார். இனி நகர்ந்தால் கியர்பாக்ஸ் போய்விடும், ஆறும் வரை நிற்கத்தான் வேண்டும்.

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மினி பஸ் மண் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து வந்தது. கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்த பஸ். மாமா ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். உள்ளே இருந்த பெண்கள் இறங்கி வந்து அக்காவைத் தாங்கி ஏற்றினார்கள். உயரமான படியில் மாமாவின் கால் ஏறவில்லை. கண்டக்டர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டார். சாவி வண்டியிலேயே இருந்தது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரிலேயே வேகமான காருடன் நான் மழையில் நின்றிருந்தேன். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கி என்ன பிரயோஜனம்? ரத்த அழுத்தம், குறை மாதம், அந்த பஸ்ஸின் குலுக்கல் என்று மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அடித்தபோது எடுக்கப் பயமாக இருந்தது.

"பொண்ணு மச்சான். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." மாமாதான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ரேஸுக்கு அவர் போகவில்லை. பழைய கன்வர்ட்டர் திரும்ப ஏறியது. பிறகு வந்த வருடங்களில் கார் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் சாதுவாகப் போய்வந்தது. மாமா வேகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார், அது எனக்கு நிம்மதியாக இல்லை என்பதுதான் வேடிக்கை. போன மாதம் அக்காவே அவரிடம், "அந்தக் கோயம்புத்தூர்காரருக்குப் போன் போடுங்க" என்றாளாம். சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரத்துக்குப் போய், பேச்சு நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதே கேள்விகள். எடை என்றதும் மாமா, "பின் சீட்டோட. அதுல என் வீட்டுக்காரம்மா, பொண்ணு, ரெண்டு பேரும் உக்காந்த எடை" என்றார். எந்த உபயோகத்துக்கு என்றதற்கு, "தெனமும்" என்றார், குரலைத் தாழ்த்தாமல். பழைய எண்ணுக்கும் ரேஸ் எண்ணுக்கும் நடுவே ஓர் எண்ணைக் கோயம்புத்தூர்காரர் சொன்னார்.

நேற்று அது மாட்டியாகிவிட்டது. இன்று காலை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவள் அக்கா மகள். வைத்துவிட்டு அம்மாவுடன் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மாமா பிரேக்கிலிருந்து காலை எடுத்து, அதை ஆக்சிலேட்டர் பக்கம் கொண்டுபோகாமல், தன் மடங்காத காலின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். வண்டி நடுங்கியது. நான் குனிந்து முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் ஒரு பக்கமாகச் சப்பையாகி, அப்படியே நின்றது.

"என்னா மாமா, ஆச்சா?" என்று உள்ளிருந்து அக்கா மகள் என்னிடம் கேட்டு முடிப்பதற்குள் சாறு என் முகத்தில் தெறித்தது.