தூக்குப்போசியில் கலக்கிய தக்காளிச் சரக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் வெள்ளை பனியன் முழுக்கத் தக்காளிச் சாறு.

மூடியைச் சரியாக அழுத்தாமல், சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியைத் தோளுக்கு மேலே தூக்கி ஆட்டினால் வேறென்ன ஆகும்? மூடி ஒரு பக்கம் பறந்தது. சாறு என்மேல் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு சரோஜாம்மா அலறிவிட்டார்.

"அண்ணா! என்னாச்சுங்கண்ணா, இத்தன ரத்தம்!"

"ரத்தமில்லீங்கம்மா, தக்காளிங்க."

"தக்காளிய எதுக்குங்கண்ணா தூக்கித் தூக்கி ஆட்டுறீங்க?"

"ரசம் வெக்கிறேனுங்க" என்று ஜன்னலைச் சாத்தினேன். அறுபதை நெருங்குகிற மனுசன் தனியாக நின்று காக்டெயில் கலக்கினேன் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அந்தத் தக்காளியின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் ஊரடங்கு நாட்கள் வந்துவிட்டன...

எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் பறித்த தக்காளி பெட்டி பெட்டியாக வரப்பிலேயே கிடந்த நேரம். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்ட நாளிலிருந்து நான் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறேன். வண்டி வாசலில் சும்மா நின்றது. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெங்களூரில் ஒரு ஓட்டல் பாரில் சரக்கு கலக்கும் வேலையிலிருந்த மகன் பிரவீன் ஒரு பையோடு வந்து சேர்ந்தான்.

வீட்டில் ரெண்டே ரெண்டு ஆம்பளைகள். "சாப்டியா?" "சாப்டேன்." அதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்துவிடும்.

அவன் வேலையை வெளியே சொல்ல எனக்குக் கூச்சம். சொந்தக்காரர்களிடம் "ஓட்டல்ல மேனேஜருங்க" என்றே சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் போனில் அப்படி அளந்துவிட்டுத் திரும்பினால், பின்னாலேயே நிற்கிறான். மறுநாள் கேட்டான்.

"அப்பா, மேனேஜர் என்ன வேல செய்வாருன்னு பாக்கிறீங்களா?"

பையிலிருந்து ஒரு வோட்கா பாட்டிலை எடுத்து வைத்தான். எனக்கு பிராந்திதான் தெரியும். தண்ணி மாதிரி இருந்த அதைப் பார்த்தால் நம்பிக்கையே வரவில்லை.

"தக்காளிய ஜூஸ் பண்ணி வைங்க. குளிச்சிட்டு வரேன்."

பண்ணி வைத்தேன். வந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்தான்.

"என்னப்பா இது?"

"ஜூஸு."

"கடுகு மெதக்குதுப்பா!"

"தாளிக்காம எப்படிறா எறங்கும்?"

அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தான். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது.

அப்புறம் சொல்லிக்கொடுத்தான். எனக்கே வருகிறது என்றால் யாருக்கும் வரும். நன்றாகப் பழுத்த தக்காளி மூன்றை மிக்ஸியில் அடித்து வடிகட்ட வேண்டும். அடுப்புப் பக்கமே போகக் கூடாது. அரை மூடி எலுமிச்சம்பழம், உப்பு, மிளகுத்தூள், கீறிய பச்சை மிளகாய் ஒன்று. வோட்காவுக்கு அளவு, இருமல் மருந்து மூடியில் ஆறு. ஆட்டிக் கலக்குகிற அவன் ஷேக்கர் பெங்களூரிலேயே மாட்டிக்கொண்டது. அதனால், அவங்கம்மா எனக்குச் சோறு கட்டிக்கொடுத்த தூக்குப்போசி. ஐஸ் போட்டு இறுக மூடி, மூடிமேல் உள்ளங்கையை வைத்து ஆட்ட வேண்டும். அந்த உள்ளங்கையைத்தான் போன ஞாயிறு மறந்துவிட்டேன்.

அவன் ஆட்டியதைப் பார்த்தேன். கண் எங்கேயோ இருக்கிறது, கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. நான் கியர் மாற்றுகிற மாதிரி.

எங்கள் பக்கம் அப்பனும் மகனும் முகம் பார்த்துக் குடிப்பதில்லை. டம்ளரை ஹாலில் என் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் அடுப்பங்கரைக்குள் போய்விட்டான். நடுவில் ஒரு சுவர்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எப்படிப்பா இருக்கு?"

புளிப்பு, உறைப்பு, சில்லென்று தொண்டையில் இறங்கியது...

"பரவால்ல" என்றேன்.

மறுநாள் எலுமிச்சையைக் குறைத்தான். "இப்பப்பா?"

"உப்பு கம்மி."

அடுத்த நாள், "இப்ப?"

"காரம் தூக்கலா இருக்குது."

பாட்டில் தீர்ந்த பிறகும் வெறும் சாற்றையே கலக்கி வைத்துவிட்டுக் கேட்டான். நானும் ஏதாவது ஒரு குறை சொன்னேன். இந்தப் பக்கம் என் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சுவர் வழியாக அது எங்கே தெரியப் போகிறது?

பஸ் ஓட ஆரம்பித்ததும் போய்விட்டான். இப்போது கப்பலில் இருக்கிறான். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கலக்கிக் கொடுக்கிறான். ஊர் ஊராகக் கரை தொடும்போது போன் வரும். அந்த ஊர்ப் பேரெதுவும் என் வாயில் நுழைவதில்லை.

மேனேஜர் கதையை விட்டுவிட்டேன். லோடு ஏற்றுகிற இடத்தில் யார் கேட்டாலும், "கப்பல்ல சரக்கு கலக்குறானுங்க, அவன் கை ஆடுறதப் பாக்கணும்" என்கிறேன். மாரண்டஹள்ளியில் பாதிப் பேருக்கு இது தெரியும். அவனுக்குத் தெரியாது.

தக்காளி இப்போது வண்டி வண்டியாகப் போகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடுப்பங்கரையிலேயே நின்று குடித்தாலும் கேட்க ஆளில்லை. ஆனாலும் டம்ளரை எடுத்துக்கொண்டு ஹாலில் அதே இடத்துக்கு வந்துதான் உட்காருகிறேன்.

அன்றைக்குப் பனியனை மாற்றி, மறுபடி கலக்கி, உட்காரும்போது போன் வந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"சும்மாதான்... தக்காளி கலக்குனேன்."

"தனியாவா?"

"பின்ன, சரோஜாம்மாவையா கூப்புட முடியும்?"

சிரித்தான். பின்னால் என்னவோ இரைச்சல், காற்றோ கடலோ. அப்புறம் அதே கேள்வி.

"எப்படிப்பா இருக்கு?"

ஒரு வாய் குடித்தேன். சுவரைப் பார்த்தேன்.

"உப்பு கம்மிடா" என்றேன்.

மொத நாளே நல்லா இருந்துச்சுடா, பிரவீனு.