சைபர் இரண்டு

மாணவர் ஆலோசகர் என்பது, அழுதுகொண்டு வருகிறவருக்கு ஒரு கையால் துடைப்புத் தாளையும் மறு கையால் விதிமுறையையும் நீட்டுகிற உத்தியோகம்.

கொப்பன்ஹேகனில் ஒரு சட்டபீடத்தில் எனக்கு அந்த வேலை. ஒரு சோதனையை எத்தனை முறை எடுக்கலாம், எப்போது படிப்பிலிருந்து வெளியே அனுப்புவார்கள், அனுப்பாமலிருக்க யாரிடம் கெஞ்சலாம் என்பதையெல்லாம் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். சோதனை எழுதியவர்களே, பிள்ளைகளை எழுத அனுப்பிவிட்டு வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களே, உங்களுக்கு என் நிலை விளங்கும். எனக்கு வாய்த்தது இரண்டு பகுதிக்கும் சேர்த்துக் கலங்குகிற வயிறு. சோதனைக் காலம் வந்தால் இடியப்பம்கூட இறங்காது.

கீழே வருகிற குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வடிவான பெயராக வைக்கவேண்டும் என்பது தாயின் நிபந்தனை. ஆகவே அவர் றீற்றா அக்கா, கணவர் அன்ரன் அண்ணை, மகள் மெலனி.

எட்டு இல்லாத ஊர்

அன்ரன் அண்ணையும் றீற்றா அக்காவும் இலங்கையில் மன்னார்ப் பக்கம். இப்போது கொப்பன்ஹேகனுக்கு வெளியே இஷொயில் மாடிவீட்டில் இருக்கிறார்கள். அண்ணைக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை, அக்காவுக்கு முதியோர் இல்லத்தில். நான் இருப்பது ஹ்விடோவ்ரேயில். ஒரே ரயில் பாதை என்பதால் பழக்கம் வந்து, பிறகு அவர்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் வரைக்கும் போய்விட்டது. மெலனிக்குச் சட்டபீடத்தில் இடம் கிடைத்தபோது அண்ணை எனக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தார். இனி பீடத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்று அவருக்குத் துணிவு.

முதல் சோதனையில் மெலனி ஏழு எடுத்தாள். டென்மார்க்கில் உச்சப் புள்ளி பன்னிரண்டு. அதன் கீழே பத்து, ஏழு, நாலு. பாஸின் கடைசிப் படி சைபர் இரண்டு. அதற்கும் கீழே சைபர் சைபர், பிறகு மைனஸ் மூன்று. அந்த இரண்டும் பெயில். ஏன் இப்படித் தாண்டித் தாண்டிப் போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். ஏழு என்றால் நல்ல தேர்ச்சி, எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கே இங்கே இல்லை என்று அண்ணைக்கு நான் கறி ஆறும்வரை விளங்கப்படுத்தினேன். அவர் கைத்தொலைபேசியில் ஏழைப் பன்னிரண்டால் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் வாடிப் போனார். அடுத்தமுறை எட்டாவது எடுக்கட்டும் என்றார். எட்டு என்று ஒரு புள்ளி இல்லை என்றேன். கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எட்டே இல்லாத ஊரில என்ர பிள்ளை என்னெண்டு முன்னேறுறது?"

சொல்லக்கூடாத சொல்

அடுத்த தடவை அண்ணை தயாராக இருந்தார். டோஸ்ட்ருப்பில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ சொன்னார்களாம், இங்கே எவ்வளவு நன்றாக எழுதினாலும் பத்தில் ஒருவருக்குத்தான் பன்னிரண்டு கொடுப்பார்கள் என்று. நான் மறுத்தேன். பாஸான எல்லோருடைய புள்ளிகளையும் நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய அப்படி ஒரு பங்கீடு வரும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள், ஒரு வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் என்று கோட்டா வைப்பதில்லை, பக்கத்துப் பிள்ளை கெட்டிக்காரி என்பதற்காக உங்கள் பிள்ளைக்குக் குறைக்க மாட்டார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது தரப்படுத்தல் மாதிரி இல்லை அண்ணை" என்று ஒரு வசனத்தைக் கூட்டிச் சொன்னேன்.

அண்ணை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய மூத்த தமையன் மருத்துவபீடத்துக்குப் போகவேண்டியவர். தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழக இடம் என்று இலங்கையில் தரப்படுத்தலைக் கொண்டுவந்த வருடம் புள்ளி இருந்தும் இடம் கிடைக்கவில்லை. பிறகு அவருடைய வாழ்க்கை வேறு எங்கெங்கோ போய் முடிந்தது. இதை றீற்றா அக்காதான் எனக்குக் குசினியில் பாத்திரம் கழுவும்போது சொன்னார். நான் திரும்பி வந்து அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளை, இல்லையெண்டு சொல்லுறதுக்கும் அந்தச் சொல்லை இந்த வீட்டில எடுக்காதேங்கோ."

குணமாகாதவர்கள்

படிப்பிலிருந்து நீக்குவதற்கு எங்கள் அலுவலகத்தில் வழங்கும் சொல் 'உட்ஸ்க்ரேவத்'. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சுகமாகி, துண்டு எழுதி வீட்டுக்கு விடுவதற்கும் இதே சொல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய வியப்பு. ஒரே சொல்லைக் கேட்டு அங்கே பூங்கொத்தோடு வருகிறார்கள், இங்கே தலையில் கைவைக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரி கியஸ்டனிடம் இதைச் சொன்னேன். அவள் கோப்பியை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அவர்கள் குணமானவர்களை அனுப்புகிறார்கள், நாங்கள் குணமாகாதவர்களை அனுப்புகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்."

வீட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஆள்

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் மெலனி என் அறைக்கு வந்தாள். பழகிய குடும்பம் என்பதால் அவளைக் கியஸ்டனிடம் அனுப்பப் பார்த்தேன். மாட்டேன் என்றாள். தன் வீட்டை முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஆள் வேண்டுமாம். பிறகு டெனிஷில் மளமளவென்று சொன்னாள். ஒப்பந்தச் சட்டம் வாய்மொழிச் சோதனை. இரண்டு முறை போயிருக்கிறாள். இரண்டு முறையும் பரிசோதகர்கள் முன்னால் வாய் கட்டிக்கொண்டது. இரண்டு முறையும் சைபர் சைபர். வீட்டில் எல்லாம் நல்லபடி போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

எனக்கு விதி தெரியும். ஒரு சோதனைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் விழுந்தால் நீக்கம். அதற்கு மேல் நாலாவது வேண்டுமென்றால் கடும் நோய், வீட்டில் இழப்பு என்று அசாதாரணமான ஒரு காரணம் காட்டி விதிவிலக்குக் கேட்கவேண்டும். அதை டெனிஷில் 'டிஸ்பென்சேஷன்' என்பார்கள். பயத்தில் வாய் அடைத்தது என்பதை அசாதாரணம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. நான் எவரிடமும் சொல்லமுடியாது என்றும், வயது வந்த பிள்ளையின் புள்ளியைப் பெற்றோருக்கும் சொல்லாமலிருப்பது என் கடமை என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எழுந்து போகும்போது, வந்ததிலிருந்து முதல்முறையாகத் தமிழில் பேசினாள்.

"ஆன்ரி, பெயில் எண்டதை வீட்டில சொல்லுறதுக்குத் தமிழில வேற சொல் ஏதும் இருக்கோ?"

மச்சான் முறை

அதன்பிறகு றீற்றா அக்காவை ரயிலில் காணும்போதெல்லாம், வாய் தவறி எதையாவது உளறிவிடுவேனோ என்ற பயத்தில் காலநிலையையே கதைத்துக்கொண்டிருந்தேன். டெனிஷ்காரர் ஏன் எந்நேரமும் காலநிலையைக் கதைக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒருநாள் அக்கா என் பக்கத்து இருக்கையில் வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மகளைப் பற்றி ஒரு விசயம் கேட்கவேண்டும் என்று குரலைத் தாழ்த்தினார்.

மெலனி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் டெனிஷில் கதைத்தாளாம். அதில் 'டிஸ்பென்சேஷன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். கத்தோலிக்க வேதக்கார வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். சொந்தத்துக்குள் கட்டினாலோ வேறு சமயத்தில் கட்டினாலோ ஆயர் ஆண்டகையிடம் அனுமதி எடுப்பது. அக்காவும் அண்ணையும் சொந்த மச்சான் மச்சாள், டிஸ்பென்சேஷன் எடுத்துத்தான் கட்டினார்கள். மெலனிக்கு இங்கே கட்டுகிற முறையில் மச்சான்மார் யாரும் இல்லை. அப்படியென்றால் ஆள் சைவ சமயத்தவனாக இருக்கவேண்டும், அல்லது டெனிஷ்காரனாக இருக்கவேண்டும். எது என்று என்னிடம் கேட்டார். தொலைபேசியின் மறுமுனையில் இருந்ததே நான்தான் என்று எப்படிச் சொல்வது? அவளையே கேளுங்கள் அக்கா, கோபப்படாமல் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொன்னதே விதிமீறலோ என்று பிறகு இரண்டு நாள் யோசித்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"கோவிக்கமாட்டன் தங்கச்சி, எந்தச் சமயமெண்டாலும் பெடியன் நல்லவனெண்டால் காணும் எண்டு மனதைத் தேத்தி வைச்சிட்டன்."

அக்காவின் அகராதி

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அக்கா மகளிடம் நேரே கேட்டிருக்கிறார், டிஸ்பென்சேஷன் ஆருக்கு என்று. மெலனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்திருக்கிறாள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறி, அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. சைபர் சைபர் இரண்டும், மூன்றாம் முறையும், அதிலும் விழுந்தால் உட்ஸ்க்ரேவத் என்பதும்.

இதை அக்கா மறுபடியும் ரயிலில்தான் சொன்னார். மருமகன் வரவில்லையே என்று ஒரு சின்னக் கவலை இருந்ததாகவும் ஒத்துக்கொண்டார். தகப்பனுக்கும் சொல்லியாகிவிட்டதாம். அவர் எழுந்து போய், மகளுடைய சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தாராம். உங்களுக்குப் பயமில்லையா அக்கா என்று கேட்டேன். எனக்கு இருந்தது. அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்து உட்ஸ்க்ரேவத் என்று சொன்னால், இவர்கள் ஓடிப்போய்க் கட்டில் விரிப்பை மாற்றி வைப்பார்களாம்.

"எங்கட வேலையில உட்ஸ்க்ரேவத் எண்டால் ஆள் உயிரோட வீட்ட வாறது, அவளுக்கும் நான் அதைத்தான் சொன்னனான்."

முன்னால் நிற்கும் சைபர்

மூன்றாம் முறை சோதனை என் அறையிருந்த அதே தளத்தில். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அன்று காலை தேவையில்லாத தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தேன். கதவுக்கு வெளியே அன்ரன் அண்ணையும் றீற்றா அக்காவும் நின்றார்கள். அக்காவின் கையில் செபமாலை, அண்ணையின் கையில் வீட்டில் பொரித்த ரோல்ஸ் பெட்டி. உள்ளே ஆசிரியரோடு வெளியிலிருந்து வந்த பரிசோதகர் ஒருவரும் இருப்பார். அவரை இங்கே சென்சர் என்பார்கள். சினிமாப் படத்தில் காட்சி வெட்டுகிறவர் என் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டிருக்கவேண்டிய அண்ணை, அன்றைக்குக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மெலனி வெளியே வந்தாள். புள்ளியை முடிவு செய்யும்வரை பிள்ளையை வெளியே நிற்க வைப்பார்கள். முதல் கேள்விக்கு வாய் கட்டிக்கொண்டதாகவும், தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுக் குடித்ததாகவும், பிறகு பேச்சு வந்ததாகவும், பேசியது சரியோ பிழையோ தெரியாது என்றும் சொன்னாள். நாங்கள் நாலு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்து அவளைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் இரண்டு விரலைக் காட்டினாள். சைபர் இரண்டு. கடைசிப் படி, ஆனால் படி. அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மகளைக் கட்டிப்பிடித்தார். அண்ணை என் பக்கம் திரும்பி, இரண்டுக்கு முன்னால் சைபர் எதற்கு என்று கேட்டார். வெறும் இரண்டு என்று எழுதினால் யாராவது முன்னால் ஒரு ஒன்றைப் போட்டுப் பன்னிரண்டாக்கிவிடலாம், அதைத் தடுக்கத்தான் என்று என்னிடம் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதையே சொன்னேன். ஒருகாலத்தில் எட்டுக்கு ஏங்கிய மனிதர் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார்.

"ஒண்டும் போடவேண்டாம் பிள்ளை, எங்களுக்கு ரெண்டு காணும்."

இத்தனை வருடம் துடைப்புத் தாள் நீட்டிச் சம்பளம் வாங்கியவள் நான், அன்றைக்கு என் கண்ணைத் துடைக்க அகப்பட்டதோ ரோல்ஸ் சுற்றியிருந்த எண்ணெய்த் தாள்தான்.