கேக் வேகும் ஓவனில் ஒரு கத்தி

கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் முன்புறம், கார் நிறுத்த வேண்டிய இடத்தில்தான் என் பட்டறை இருக்கிறது. கார் வெளியே வெயிலில் நிற்கிறது. வார நாட்களில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பாகங்களின் தரத்தைச் சோதிக்கிறேன். சனிக்கிழமைகளில் கத்தி செய்கிறேன். பொழுதுபோக்குக்காகக் கத்தி செய்பவர்களில் பலர் முதலில் பெரிய இயந்திரங்களை வாங்கிவிட்டு, பிறகு நல்ல எஃகு வாங்கக் காசில்லாமல் நிற்பார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

என் உலை என்பது இரண்டு தீச்செங்கற்களைக் குடைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. அதன் வாயில் ஒரு கேஸ் சுடரைப் பிடித்தால் ஒரு சாண் நீளக் கத்தி சிவக்கும். எஃகு போதுமான அளவு சூடானதா என்று பார்க்கத் தனிக் கருவி வாங்கவில்லை. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் போதும். சூடு ஏறிய எஃகில் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாமல் விட்ட பிறகு நிறம் இன்னும் கொஞ்சம் வெளுக்கும்வரை பொறுத்து, எண்ணெயில் முக்க வேண்டும். அந்த எண்ணெயும் அம்மா தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய்தான். நாங்கள் கத்தோலிக்கர்கள், இருந்தாலும் அக்கம்பக்கத்துக்காக அம்மா ஒவ்வொரு வருடமும் முறுக்கு சுடுவார். எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி உள்ள உயரமான இரும்பு டின்னில் வைத்திருக்கிறேன். மூடி முக்கியம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூட வேண்டும்.

எஃகைத் தேய்க்கும் சிறு இயந்திரத்தின் உப்புத்தாள் பெல்ட் தூளால் அடைத்துக்கொண்டால் எறிய வேண்டாம். ஓடும்போதே காலில் போட்டுத் தேய்ந்த பழைய சப்பாத்தின் ரப்பர் அடியை அதில் அழுத்தினால் அழுக்கெல்லாம் ரப்பரோடு வந்துவிடும். கைப்பிடிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவின் துணிக்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை வாங்குவேன். அவற்றை அடுக்கடுக்காகப் பசையில் நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவே இறுக்கி வைத்தால் மறுநாள் மரத்தைவிடக் கெட்டியாக இருக்கும். தண்ணீரும் இரத்தமும் அதில் ஊறாது. அரைத்து எடுக்கும்போது ஒவ்வொரு துணியின் நிறமும் கோடு கோடாக வெளியே வரும்.

மூன்றில் மட்டும் நான் மிச்சம் பிடிக்கவில்லை: தூசி முகமூடி, கண்ணைக் காக்கும் கண்ணாடி, எஃகு. முதல் இரண்டுக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. எஃகை அனுபவத்தில் கற்றேன். ஆரம்பத்தில் லோரிப் பட்டறையில் சும்மா கிடைத்த பழைய ஸ்பிரிங் பட்டையில் கத்தி செய்தேன். எண்ணெயில் முக்கி எடுத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பல வருடம் பாரம் தாங்கிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருக்கிறது. அடுத்ததும் அப்படியே போனது. என்ன எஃகு என்று எழுதிக் கொடுத்த புதிய பட்டையை வாங்கிய பிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் காது மறக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பெரிய செலவு பாக்கி இருந்தது. எண்ணெயில் முக்கிய எஃகு கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே விழுந்தாலே உடையலாம். உடனே இருநூறு டிகிரியில் சில மணி நேரம் வாட்டி எடுத்தால்தான் அதற்கு நெகிழ்வு வரும். தாமதித்தால் மேசைமேல் கிடக்கும்போதே விரிசல் விடவும் கூடும். இதற்கென்று விற்கும் சூளையின் விலையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கேக் ஓவனைப் பயன்படுத்த அனுமதி கேட்டேன். அம்மா டிசம்பர் முழுக்க ஆர்டருக்கு கேக் செய்பவர்.

"உன் இரும்புக்கு நேரம் ஒதுக்கித் தரேன். ஆனா எனக்கு ஆர்டர் இருக்கறப்ப வாயத் தொறக்கக் கூடாது," என்றார்.

அந்த டிசம்பரில் எனக்கும் ஓர் ஆர்டர் வந்தது. நாங்கள் வழக்கமாக இறைச்சி வாங்கும் பாசாரில் ஆடு வெட்டும் அண்ணனிடம் அம்மா என் பட்டறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"தங்கச்சி, கத்தி செய்றியாமே? கேக் வெட்டவா?" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒண்ணு செஞ்சு தரட்டுமா அண்ணே?"

"செய்யேன். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் எத்தன தொடை உரிப்பேன் தெரியுமா? அன்னிக்குப் பூரா எலும்ப ஒட்டி ஓடிட்டு, கூர் வாய்ல எங்கயும் உடைஞ்சு பல்லு விழாம நின்னுச்சுன்னா உன் கத்திய நான் வச்சிக்கிறேன். இல்லன்னா நீயே எடுத்துட்டுப் போயி வெங்காயம் நறுக்கு லா."

அதுவரை நான் செய்த கத்திகளெல்லாம் நண்பர்கள் வீட்டு அலமாரியில் அழகாக இருந்தன. நாள் முழுக்க உழைக்கும் ஒரு கைக்கு என் கத்தி தாங்குமா என்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு நாள்தான். அதற்கு முன் ஒரே ஒரு வார இறுதி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு ஓவன் எனக்கு என்று பேசி வைத்திருந்தோம். கத்தியைச் சிவக்கவிட்டேன், காந்தம் விட்டது, எண்ணெயில் நேராக இறக்கினேன். வெளியே எடுத்தபோது வளைவே இல்லை. அரத்தை வைத்துத் தேய்த்தேன். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கியது, எஃகு நன்றாக இறுகிவிட்டது. இதைவிடச் சுத்தமாக நான் செய்ததில்லை. கத்தியைத் துணியில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். ஓவனுக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே இரண்டு கேக்.

"மா, பத்து மணிக்கு எனக்குன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன் லா. மாதா கோயில்ல பாடுற ஆன்டி காலையிலயே போன் போட்டு இன்னும் ரெண்டு வேணும்னாங்க. அவங்ககிட்ட எப்படி இல்லன்னு சொல்றது?"

"இது இப்பவே உள்ள போகணும் மா. ஆறிட்டா வெடிச்சிரும்."

"இப்ப கதவத் தொறந்தா என் கேக்கு நடுவுல அமுங்கிரும். கத்தி வெடிச்சா இன்னொண்ணு செய்யி."

"கிறிஸ்மஸுக்குள்ள முடியாது."

அம்மா கத்தியைப் பார்த்தார். "எவ்வளவு சூடு வேணும் அதுக்கு?"

"இருநூறு. இப்ப எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"நூத்தம்பது."

தொழிற்சாலையில் செய்வதைப்போல மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். ஒன்று, நூற்றைம்பது போதாது. ஆனால் வெடிக்காமல் காப்பாற்றும். இரண்டு, பழக் கேக் மெதுவாக வேகும். நேரம் நிறைய இருக்கிறது. மூன்று, கேக் கெட்டியாகும்வரை கதவைத் திறக்க முடியாது. அதுவரை கத்தி ஆறக் கூடாது.

"கேக்கோட சேத்தே வைக்கிறேன் மா. வெந்து முடிஞ்சதும் சூட்ட ஏத்திக்கிறேன்."

"முறுக்கு எண்ணெயில முக்கினத என் கேக்கோடயா? ஆன்டி ஒரு வாய் வச்சிட்டு, 'என்ன, இது தீபாவளி கேக்கா'ன்னு கேப்பாங்க!"

"நல்லா கழுவிருவேன். எப்ப கதவத் தொறக்கலாம்?"

"முக்கா மணி நேரமாவது ஆகணும்."

"இட்லிப் பானை எங்க?"

"இட்லிப் பானையா? ஏண்டி, நாளைக்குக் காலையில அதுலதான் இட்லி ஊத்தணும்!" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் பானையை எடுத்து அடுப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

கத்தியைச் சுடுநீரில், பாத்திரம் கழுவும் சோப்பிலும் எலுமிச்சையிலும் தேய்த்துக் கழுவினேன். அம்மா வாங்கி முகர்ந்தார். "இன்னும் முறுக்கு அடிக்குது," என்று திருப்பித் தந்தார். மறுபடி கழுவினேன். பிறகுதான் பானைக்குள் அனுமதித்தார். கொதிக்கும் நீரின் ஆவி நூறு டிகிரியைப் பிடித்து வைக்கும். மேலே துருப்புள்ளி வரும், பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். மூடியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பானை தடதடவென்று ஆடியது. அந்தத் தடதடப்புக்கு நடுவே ஒரு 'டிக்' வருமா என்று காது கொடுத்துக்கொண்டே நின்றேன். அம்மாவும் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

முக்கால் மணி ஆனதும் அம்மா ஓவன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்து, "ம், இப்ப," என்றார். கத்தியைத் துடைத்து, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பார்த்தேன். விரிசல் இல்லை. அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்ததும் அவரே கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கீழ்த் தட்டில் தள்ளி, சத்தமில்லாமல் மூடினார். கேக்குகள் அசையவில்லை.

மதியம் கேக்குகள் வெளியே வந்தன. நடுவில் அமுங்கவில்லை, முறுக்கு வாசமும் இல்லை. நான் சூட்டை இருநூறுக்கு ஏற்றி, கத்தியை இரண்டு முறை வாட்டினேன். தேய்த்து வைத்திருந்த இடத்தில் சரியாக வாடியதற்கு அடையாளமான வைக்கோல் நிறம் சீராகப் படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி போட்டு, கூர் தீட்டி, திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கைப்பிடியின் கோடுகளைப் பார்த்து, "சேலையிலயே கத்தி செஞ்சிருக்கியா?" என்றார்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் அம்மாவும் நானும் பாசாருக்குப் போனபோது அவர் கடைமுன் வரிசை நீண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் கையில் என் கத்தி. எலும்பின் வளைவை ஒட்டியே நுனி போய், கறி ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. எங்கள் முறை வந்ததும் நான், "பல்லு விழுந்துச்சா அண்ணே?" என்றேன்.

அவர் கத்தியைத் துடைத்து, அதன் கூர் வாயை மேலே திருப்பி விளக்கடியில் நீட்டினார். கூரில் சேதம் இருந்தால் அந்த இடத்தில் ஒளி மின்னும். நான் அடியிலிருந்து நுனிவரை பார்த்தேன். எங்கும் மின்னவில்லை.

"விடியறதுக்கு முந்தியே எடுத்தது. இன்னும் தீட்டற கல்லுல வைக்கல," என்றார். "என் தம்பிக்கு ஒண்ணு வேணும். கொஞ்சம் நீளமா."

பின்னால் நின்ற அக்கா ஒருவர், "யார் செஞ்ச கத்தி அண்ணே?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா திரும்பி, "எங்க வீட்டு ஓவன்ல வெந்தது," என்றார். வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

அண்ணன் அடுத்த தொடையை இழுத்துப் போட்டார். எங்கள் பொட்டலம் எப்போதோ கட்டியாகிவிட்டது. நாங்கள் இருவரும் ஓரமாக ஒதுங்கி, அந்தத் தொடையையும் அவர் உரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.