நூர் கொடுத்துவிட்டுப் போன குட்டை வில்

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் பரோட்டாவை ஸ்பூனால் குத்திக்கொண்டிருந்தேன். வேறு வழி? வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் நாவற்பழ நிறம்.

"என்னக்கா, கதவுல நசுக்கிக்கிட்டீங்களா?" என்றார் பரிமாறும் பெண்.

"இல்லம்மா, வில்லு..." என்று ஆரம்பித்தேன். அடுத்த மேசையில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க என் கையைப் பார்த்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். சரி, மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள்தானே?

நானும் நூர்ஜஹானும் பள்ளித் தோழிகள். லிட்டில் இந்தியாவில் அவள் குடும்பத்துக்குத் துணிக்கடை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் தனியாக இருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் அவள்தான் என்னை வில் பழக இழுத்துப்போனாள். பூன் லே பக்கம் ஒரு திடல். இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் போனோம். எய்ததைவிடப் பேசியதுதான் அதிகம்.

மூன்று மாதம் முன்பு அவள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகளோடு தங்கப் போய்விட்டாள். போகும்போது தன் வில்லை என் கையில் கொடுத்தாள். அதன்பின் திடலின் வாடகை வில்லை நான் தொடவே இல்லை. நூரின் வில்தான்!

முதல் நாளே தொல்லை. நாணை முகவாய் வரை இழுத்தால், மூன்று விரல்களையும் இடுக்கியில் பிடித்ததுபோல் நெருக்கும். தோல் உறை போட்டேன். பிளாஸ்டர் சுற்றினேன். மோதிர விரலை விட்டுவிட்டு இரண்டு விரலால் இழுத்தேன் — நெருக்கல் குறைந்தது, ஆனால் மொத்த பாரமும் அந்த இரண்டின் மேல்.

யாரிடமாவது கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். வில்லை மாற்றச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

பரோட்டாவுக்கு மறுநாள், திடலைப் பார்த்துக்கொள்ளும் குமார் பக்கத்தில் வந்தார்.

"ஆன்ட்டி, கையைக் காட்டுங்க... ஐயோ! வில்லு உங்களுக்கு ரொம்ப ஷார்ட் லா. உங்க கை நீளம். ஃபுல்லா இழுத்தா ஸ்ட்ரிங் கூரா மடங்கி விரலை நசுக்கும். கிளவுஸ் போட்டு யூஸ் இல்ல. நீளமான வில்லு எடுங்க."

"இது என் ஃபிரெண்டோடது."

"அவங்க ஹைட் என்ன?"

நூர் என் தோளுக்குத்தான் வருவாள். வில்லைப் பையில் போட்டுக் கிளம்பினேன்.

அன்று மாலை அவளுக்கு வீடியோ கால் போட்டு விரல்களைக் காட்டினேன்.

"அடிப்பாவி! அதுலயா இத்தனை நாளா எய்யுற? லக்கேஜ்ல ஏத்த முடியலன்னுதான் உன்கிட்ட குடுத்தேன். யாருக்காவது தள்ளிவிடுடி!"

எனக்காக விட்டுச்சென்றாள் என்று நான் நினைத்திருந்தது, பெட்டியில் அடங்காத சாமான்! இருவரும் சிரித்தோம். பின்னால் பேரன் அழுதான். "இரு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்தாள். நான் இருட்டும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. குழந்தை இருக்கும் வீடு... மறந்திருப்பாள்.

போன ஞாயிறு அவள் வில்லைக் குமாரிடமே கொடுத்தேன். உயரம் குறைந்தவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவர் என் உயரத்துக்கே வரும் நீள வில் ஒன்றைத் தந்தார். இழுத்தேன். நாண் அகலமாக விரிந்தது. விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் தளர்வாக உட்கார்ந்தன. வலி? துளிகூட இல்லை. அம்பு இலக்கின் நடு மஞ்சள் வட்டத்துக்குள் போய்க் குத்தியது.

"பாத்தியாடி!" என்று, நூர் வழக்கமாக நிற்கும் இடப்பக்கம் திரும்பினேன்.

அங்கே ஒரு சீனப் பெரியவர் காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றி, "சாரி?" என்றார்.

"நத்திங்" என்றேன்.

விரல் வலித்த மூன்று மாதமும், பக்கத்தில் ஆள் இல்லாதது எனக்கு இவ்வளவு தெரியவில்லை.